எம்எக்ஸ்-5 சக்கர பேரிங்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இங்கிலாந்தில் கையில் இருக்கும் காசுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 முன்னால்தான். இரண்டு இருக்கை, மடக்கும் கூரை, பின்சக்கர இழுவை. ஆனால் முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கும் இப்போது நல்ல வயதாகிவிட்டது, குளிர்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்பு வேறு. அதனால் சக்கர பேரிங் பற்றி என்னிடம் கேட்காத நண்பர்களே இல்லை. என் காரின் நான்கு பேரிங்கையும் ஒவ்வொரு காலத்தில் மாற்றியிருக்கிறேன், சிலதை இரண்டு முறை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வேறு கார் என்று சொல்லாத இடமெல்லாம் 1989 முதல் 2005 வரை வந்த எம்எக்ஸ்-5 பற்றியது.

பேரிங்னா உள்ளே என்னதான் இருக்கு? ஏன் கெட்டுப்போகுது?

சக்கரத்தை உராய்வில்லாமல் சுற்றவிடுவதுதான் பேரிங்கின் வேலை. ஓர் உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவில் இரண்டு வரிசை எஃகுப் பந்துகள், கிரீஸ், இரண்டு பக்கமும் சீல். அவ்வளவுதான். பந்து ஓடும் தடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், அந்த வழவழப்பு போன அன்றே பேரிங்கின் ஆயுள் குறையத் தொடங்கிவிடும்.

கெடுப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று தண்ணீர்: சீல் கிழிந்தோ கடினமாகியோ உப்புத் தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் கெட்டு, தடத்தில் துரு பிடிக்கும். அழுத்தத் தண்ணீர்க் குழாயை நேராக ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) மீது பிடித்துக் கழுவுபவர்கள் இதைத் தாங்களே வரவழைக்கிறார்கள். இரண்டாவது அடி: பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ சக்கரம் மோதும்போது பந்து தன் தடத்தில் சிறு குழியைப் பதித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குழியின் விளிம்பு மெதுவாகப் பெயர்ந்து, சில மாதம் கழித்துத்தான் சத்தம் வரும். அதனால்தான் பலருக்கும் காரணம் எது என்றே நினைவில் இருப்பதில்லை.

50 மைல் தாண்டினா விமானம் கிளம்புற மாதிரி ஒரு ஊங்காரம் கேக்குது. பேரிங்தானா?

இருக்கலாம், ஆனால் இன்னும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் கூரையை மூடி, கண்ணாடி ஏற்றி, ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கூரை திறந்திருந்தால் காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும், பல மாதம் பேரிங் முனகிக்கொண்டிருந்தும் தெரியாமல் கோடை முழுக்க ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு வெறும் சாலையில் அந்த வேகத்தில் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விடுங்கள். சத்தம் இன்ஜினோடு சேர்ந்து இறங்கினால் அது இன்ஜின் பக்கத்து விஷயம். கார் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கரம், டயர், டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆகிய மூன்றில் ஒன்று. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் டிஃபரென்ஷியலைச் சந்தேகியுங்கள். பேரிங்குக்கு ஆக்சிலரேட்டர் பற்றிக் கவலையில்லை.

டயர் சத்தமும் இப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்களே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

உண்மைதான், ஏமாற்றுவதில் டயர்தான் முதலிடம். அலைன்மென்ட் சரியில்லாத காரில் டயரின் கட்டைகள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்து, அச்சு அசல் பேரிங் போலவே ஒலிக்கும். டயரின் மீது உள்ளங்கையை முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் கையைப் பிடித்தால் ரம்பத் தேய்மானம். அப்புறம் சாலையின் பரப்பைக் கவனியுங்கள். சொரசொரப்பான தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்குப் போகும்போது சத்தத்தின் தன்மையே மாறினால் அது டயர். பேரிங்கின் முனகல் எந்தத் தாரிலும் அப்படியேதான் இருக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றுங்கள் (உங்கள் காரில் நான்கும் ஒரே அளவு என்றால்). சத்தம் இடம் மாறினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு மணி நேர வேலை, காசு கிடையாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் நல்ல முன் ஹப் ஒன்றைக் கழற்றிப் போட்டு, புது ஹப்போடு அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் டயரிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன்.

சரி, பேரிங்னே வெச்சுக்குவோம். நாலுல எது?

நேர்ச்சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டிப் பாருங்கள், ஆளில்லாத இடத்தில். இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கம், மறுபக்கமானால் இடப்பக்கம். பெரும்பாலும் இது சரியாக இருக்கும், ஆனால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வரிசைப் பந்து இருப்பதால், எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சில சமயம் தலைகீழாகவும் காட்டும்.

அதனால் கடைசித் தீர்ப்பைக் கைக்கு விடுங்கள். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மீது வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல் நுனிக்கு வரும், காதுக்குக் கேட்காததுகூட. நான்கு சக்கரத்திலும் செய்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். கெட்டது தானாகத் தனித்துத் தெரியும்.

நான் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. அப்போ பேரிங் நல்லாத்தானே இருக்கு?

இல்லை. நான் அதிகமாகக் கேட்கும் தப்பான முடிவு இதுதான். கரகரப்பு முதலில் வரும், ஆட்டம் அதற்கு வெகு பின்னால் வரும். மாஸ்டா கொடுத்திருக்கும் எல்லை 0.05 மில்லிமீட்டர், அதை டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் கருவி) வைத்து அளக்க வேண்டும். கையில் உணரும்படி ஆடுகிறது என்றால் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.

மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா கொஞ்சம் ஆடுது. ஆனா அது பால் ஜாயின்ட்டா இருக்காதா?

நல்ல சந்தேகம். கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஒருவரைப் பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும் ஒன்றாகிவிடும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பிரேக் பிடித்தும் ஆடினால் சஸ்பென்ஷன் மூட்டான பால் ஜாயின்ட்டோ அதன் ரப்பர் புஷ்ஷோ. 9, 3 இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் ராடின் முனையைப் பாருங்கள்.

வளைவு முடிஞ்சதும் முதல் தடவை பிரேக் மிதி ஆழமாப் போகுது, ரெண்டாவது தடவை சரியாயிடுது. இதுக்கும் பேரிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதைக் கவனித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் வளைவில் டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த மிதியில் அந்த இடைவெளியை மூடவே பாதி மிதி செலவாகிறது. பிரேக்கில் காற்று இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். காற்று இருந்தால் நேர்ச்சாலையிலும் மிதி பஞ்சு மாதிரி இருக்கும். வளைவுக்குப் பிறகு மட்டும் என்றால் ஹப்பைப் பாருங்கள்.

எம்ஓடி (வருடாந்தரக் கார் சோதனை) அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் ஓட்டலாமா?

லேசான முனகல், ஆட்டம் இல்லை என்றால் பணிமனை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம், நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். ஆட்டமோ, அரைக்கும் சத்தமோ, சக்கரத்தின் நடுவில் சூடோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். எம்ஓடி சோதனையிலும் அதிக ஆட்டமோ அதிகக் கரகரப்போ இருந்தால் தோல்வி, உடையும் நிலையில் இருந்தால் ‘ஆபத்தானது’ என்றே எழுதுவார்கள், அப்புறம் சரிசெய்யாமல் சாலைக்கு எடுத்து வரக் கூடாது. சோதனைத் தேதிக்காக யாரும் பேரிங்கைக் காக்கவைக்க வேண்டாம், தயவுசெய்து.

முன்சக்கரத்தை வீட்டு வாசல்லேயே மாத்திடலாமா?

மாற்றலாம், எம்எக்ஸ்-5இன் பெரிய அருள் இது. முன்பக்கத்தில் ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டு, பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் தேவையில்லை. நடுவிலுள்ள மூடியைத் தட்டி எடுத்து, நட்டின் கழுத்தை அச்சின் பள்ளத்தில் வளைத்துவிட்டிருப்பதைச் சிறு உளியால் நிமிர்த்தி, 29 மி.மீ. சாக்கெட் போட்டு நட்டைத் தளர்த்துங்கள். இதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்வது நல்லது, ஸ்டாண்டில் நிற்கும் காரில் தொங்கிக்கொண்டு நீண்ட கம்பியை இழுப்பது ஆபத்து. தளர்த்திய பிறகு காரை உருட்டக் கூடாது.

பிறகு தூக்கி, சக்கரத்தையும் கேலிப்பரையும் கழற்றி, கேலிப்பரைக் கம்பியால் மேலே கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடவே கூடாது. டிஸ்க் வந்ததும் ஹப் அச்சிலிருந்து உருவிக்கொண்டு வரும், அடம்பிடித்தால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். அச்சைத் துடைத்து, பேருக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, புது ஹப்பை ஏற்றி, புது நட்டை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, அதன் கழுத்தை மழுங்கிய பஞ்ச் கருவியால் பள்ளத்தில் அடித்து மடக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் ஹப்பின் பின்னால் பல் வளையம் ஒன்று இருக்கும், வாங்கும்போதே புதியதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கழற்றிப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் மூன்று பேர்.

நட்டை நல்லா இறுக்கினா போதாதா? டார்க் ரெஞ்ச் அவசியமா?

அவசியம். அந்த நட்டு ஹப்பைப் பிடித்து வைப்பது மட்டுமல்ல, இரண்டாகப் பிளந்திருக்கும் உள் வளையத்தை ஒன்றாக நெருக்கி, பந்துகளுக்குச் சரியான அழுத்தத்தைக் கொடுப்பதும் அதுதான். குறைந்தால் பந்து தளர்ந்து தட்டும், எல்லை மீறினால் நெரிந்து சூடாகும். முன்பக்கம் 167 முதல் 216 நியூட்டன் மீட்டர், பின்பக்கம் 216 முதல் 294. சக்கர நட்டுகள் 88 முதல் 118. காற்றுத் துப்பாக்கியால் அச்சு நட்டை இறுக்கி முடிக்கும் பழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம், பலர் வியப்பார்கள்: முன்பக்க நட்டை இறுக்கும்போது பிரேக் பிடிக்க ஆள் வேண்டாம். அங்கே அச்சு சுற்றாது, ஹப்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. பின்பக்கம் அப்படியில்லை, டிரைவ் ஷாஃப்ட்டே சுற்றும், அதனால் இறுக்கி முடிக்கும் வரை யாராவது பிரேக்கை மிதிக்க வேண்டும். நட்டு இறுகாத சக்கரத்தின் மீது காரின் எடையை இறக்கி உருட்டினால் புது பேரிங்கூட அங்கேயே அடிபட்டுவிடும்.

பின்சக்கரமும் அதே மாதிரிதானே அண்ணா?

இல்லை தம்பி. பின்பக்கம் பேரிங் தனியாக அப்ரைட்டுக்குள் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் வார்ப்புத் துண்டு) இறுக்கமாக ஏற்றப்பட்டு, ஒரு சர்க்ளிப்பால் (வளையக் கிளிப்) பூட்டப்பட்டிருக்கும். அதற்குள் ஹப், ஹப்புக்குள் டிரைவ் ஷாஃப்ட். அப்ரைட்டைக் கழற்றி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். அச்சு நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துவது, கேலிப்பரைக் கட்டுவது எல்லாம் முன்பக்கத்துக்குச் சொன்னதுதான்.

பிரச்சினை அப்ரைட்டின் கீழே இருக்கும் அந்த நீண்ட போல்ட். உப்புச் சாலையில் ஓடிய காரில் அது புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகிப்போயிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், இறுக்கியும் தளர்த்தியும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள், புது போல்ட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ஏனென்றால் சில கார்களில் அறுத்துத்தான் எடுக்க முடியும். சஸ்பென்ஷனின் கீழ்க் கையின் உள்பக்கத்து கேம் போல்ட்களை மட்டும் தொடாதீர்கள், அவை அலைன்மென்ட்டுக்கானவை. மேலேயும் கீழேயும் வெளிப்பக்கத்து போல்ட்களைக் கழற்றினாலே அப்ரைட் வந்துவிடும். டிரைவ் ஷாஃப்ட் வெளியே வராவிட்டால் அதன் திருகு மீது நேராகச் சுத்தியலைப் போடாமல் புல்லரால் தள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ரப்பர் புஷ் போல்ட்களைக் கடைசியாக, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

பிரஸ் இல்லை. சுத்தியலும் பழைய சாக்கெட்டும் வெச்சு அடிச்சு ஏத்திடலாமா?

பழையதை வெளியே எடுக்க அடித்தால் அடியுங்கள், அது எப்படியும் குப்பைக்குத்தான். புதியதை அடிக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும்: ஏற்றும் விசை பந்துகள் வழியாகப் போகக் கூடாது. பேரிங்கை அப்ரைட்டில் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை அதற்குள் ஏற்றும்போது கீழிருந்து உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தப்பான வளையத்தை அழுத்தினால் முதல் கேள்வியில் சொன்ன அதே குழிகள் புது பேரிங்கின் தடத்தில், கார் ஓர் அடி நகரும் முன்பே பதிந்துவிடும்.

எனக்கு நடந்திருக்கிறது. அப்ரைட்டை ஒரு பணிமனையில் கொடுத்து ஏற்றி வாங்கினேன், மூன்று மாதத்தில் முனகல் திரும்பி வந்துவிட்டது. பேரிங் மட்டம் என்றுதான் நினைத்தேன், கழற்றி வெட்டிப் பார்த்தபோது தடம் முழுக்கப் பந்துக்குப் பந்து சமமான இடைவெளியில் குழிகள். முட்டுக் கொடுக்காமல் அழுத்தியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இப்போது யாரிடம் கொடுத்தாலும் எந்த வளையத்துக்கு முட்டு வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஹப்பை வெளிய தள்ளினேன், பேரிங்கோட உள் வளையம் பாதி அதுலயே ஒட்டிக்கிட்டு வந்திடுச்சு. உடைச்சிட்டேனா?

இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் வரும். பேரிங் புல்லரால் எடுங்கள். பிடி கிடைக்காவிட்டால் கிரைண்டரால் வளையத்தின் முக்கால் ஆழம் வரை ஒரு கோடு அறுத்து, உளியை வைத்து ஓர் அடி: வளையம் வெடித்துத் தளர்ந்துவிடும். ஹப்பின் மீது பிளேடு படக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பேரிங் எஃகு கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும்.

ஒரு பக்கம் போயிட்டா ரெண்டையும் மாத்தணுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. பிரேக் பேடு மாதிரி இது ஜோடியாகத் தேய்வதில்லை. நல்லதை எதற்கு நோண்ட வேண்டும்? மறுபக்கத்தை விரலால் சோதித்துவிட்டு விடுங்கள்.

இணையத்துல கால் விலைக்குக் கிடைக்குதே, வாங்கலாமா?

எஸ்கேஎஃப், என்எஸ்கே, என்டிஎன், டிம்கன் போன்ற பெயர்களை நம்பி வாங்குங்கள், ஆனால் அந்தப் பெயர்களிலேயே போலியும் ஏராளமாக உலவுகிறது. டப்பா அசலாக இருப்பது போதாது. நம்பகமான கடையில் வாங்குங்கள். பின்பக்கத்தில் இத்தனை வேலை பார்த்து ஏற்றுகிற ஒரு பொருளில் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாதது.

ட்ராக் டேக்கு (பந்தயத் தடத்துல சொந்தக் காரை ஓட்டுற நாள்) போறேன், முன் ஹப் அடிக்கடி போகுது. ஏன்?

பிடிப்பு அதிகமுள்ள டயர், வளைவு அழுத்தம், டிஸ்க்கின் சூடு மூன்றும் சேர்ந்து அந்தச் சின்ன ஹப்பைத் தின்கின்றன. ஸ்பேசர் போட்டோ சக்கரத்தை வெளியே தள்ளியோ வைத்திருந்தால் நெம்புகோல் நீளமாகி இன்னும் மோசம், முதலில் அதை எடுத்துவிடுங்கள். பந்தயக்காரர்கள் புது ஹப்பையே பிரித்து, அதிகச் சூடு தாங்கும் கிரீஸை நிரப்பிப் பூட்டுவது உண்டு. தூசி படாத மேசையும் பொறுமையும் இருந்தால் செய்யுங்கள். எப்படியிருந்தாலும் ஒவ்வொரு ட்ராக் நாளுக்கு முன்னும் பின்னும் 12, 6 சோதனையைச் செய்யுங்கள், உதிரி ஹப் ஒன்றை டிக்கியில் வையுங்கள்.

என்கிட்ட இருக்கிறது பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், நண்பர்கிட்ட போர்ஷே பாக்ஸ்டர். இதே முறைதானா?

எம்ஜிபி முன்சக்கரத்தில் பந்து இல்லை, கூம்பு உருளைகள். நீங்களே கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டு, ஷிம் தகடுகளால் இடைவெளியை அமைக்க வேண்டும்: 0.05 முதல் 0.10 மி.மீ. வரை. எம்எக்ஸ்-5இல் எது கடைசி எல்லையோ அது இங்கே தொடக்க அளவு, அதனால் எம்ஜிபியில் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தால் பயப்படாதீர்கள், ஆட்டமே இல்லாவிட்டால் பயப்படுங்கள்.

முதல் தலைமுறை பாக்ஸ்டரில் நான்கு பக்கமும் அழுத்தி ஏற்றும் பேரிங்தான், அதனால் வளையங்கள் பற்றி மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். அதன் அச்சு நட்டு 32 மி.மீ., இறுக்கம் 460 நியூட்டன் மீட்டர். வீட்டிலிருக்கும் டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் அதில் பாதிகூட எட்டாது, வாடகைக்குப் பெரியதை எடுங்கள்.

எல்லாம் மாத்திட்டேன், இப்போ லேசா ஒரு ‘ஸ்ஸ்’னு உரசுற சத்தம். திரும்பக் கழட்டணுமா?

உடனே வேண்டாம். டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகட்டை முதலில் பாருங்கள், வேலையின்போது கை பட்டு வளைந்து டிஸ்க்கில் உரசும், விரலால் நெம்பினாலே சரியாகிவிடும். பழைய முனகலே அப்படியே இருந்தால் தப்பான சக்கரத்தை மாற்றியிருக்கிறீர்கள், டயர் கேள்விக்கும் ஸ்பிரிங் சோதனைக்கும் திரும்பிப் போங்கள். புது பேரிங் சக்கரம் முதலில் கொஞ்சம் கனமாகச் சுற்றுவது சீலின் இறுக்கம், அது தானாக இளகும். ஐம்பது மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மட்டும் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்துவிடுங்கள்.